வாரத்துக்கு வந்த செவலைக் கோழி

அந்தச் செவலைக் கோழியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த என் நாத்தனார் எனக்கு வாரத்துக்கு விட்டிருந்தார். கோழி அவருடையது, தீனி போட்டு வளர்ப்பது நான், பொரிக்கிற குஞ்சுகளில் பாதி அவருக்கு, பாதி எனக்கு. அதனால் அதை விற்கவும் முடியாது, அறுக்கவும் முடியாது. எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் பேண்டேஜ் மில்லுக்குப் பக்கத்துத் தெருவில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது.

கொல்லையில் ஏற்கெனவே என் கோழிகள் நான்கு இருந்தன. அதில் ஒன்று கருப்பு வெடை, இன்னும் முட்டையிடத் தொடங்காதது. செவலை வந்த அன்றே அதன் மேல் கண் வைத்துவிட்டது. கம்பைத் தூவினால் மற்றதெல்லாம் தின்னும். கருப்பு மட்டும் துவைகல்லுக்குப் பின்னால் நிற்கும். எட்டிப் பார்த்தால் தலையில் கொத்து. ஒரு வாரத்தில் உச்சந்தலை இறகு போய்ச் சதை தெரிந்தது. நான் குறுக்கே போனால் என் கணுக்காலிலும் பாயும்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“அது அக்கா கோழி. ஒரு இறகு உதுந்தாலும் என்னயத்தான் கேப்பாவ. நீ பேசாம இரு,” என்றார்.

பேசாமல் இருப்பது எனக்கு நன்றாக வரும். ஆனால் அந்த வெடையைச் சாகக் கொடுக்க மனசு வரவில்லை. குஞ்சாக இருந்தபோது காக்காய் வாயிலிருந்து பிடுங்கி வளர்த்தது அது.

முதலில் நான் செய்தது தப்பு. கருப்பைக் காப்பாற்றுவதாக நினைத்து அதைப் பஞ்சாரக் கூடைக்குள் கவிழ்த்து வைத்தேன். சிவப்பு தெரிந்தால்தானே கொத்தும் என்று கரியும் வேப்பெண்ணெயும் குழைத்துப் புண்ணில் தடவினேன். ஆறியதும் திறந்துவிட்டேன். யாரோ புதுக்கோழி வந்ததுபோல, செவலையோடு மற்ற மூன்றும் சேர்ந்துகொண்டு விரட்டின. ஆறின புண் திரும்பக் கிழிந்தது.

அடி வாங்கியதை அடைத்துவைத்துவிட்டு, அடித்ததை ராஜாங்கம் பண்ண விட்டிருக்கிறேனே என்று அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தை விட்டுப் போய்த் திரும்பி வருகிற கோழிதான் மற்றதுக்குத் தாழ்ந்து நிற்கும் என்றால், போக வேண்டியது செவலைதான். சாக்கை எறிந்து அதைப் பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டு, மேலே கல்லை ஏற்றினேன். தீனியும் தண்ணீரும் உள்ளேயே. பத்து நாள் என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

ஏழாம் நாள் நாத்தனார் பஸ் ஏறி வந்துவிட்டார். நேரே கொல்லைக்குத்தான் போனார்.

“ஏட்டி, எங்கோழி என்ன களவா எடுத்துச்சு? ஜெயில்ல போட்டுவச்சிருக்க! அடைஞ்சு கிடந்தா எப்பம் முட்ட வைக்க, எப்பம் குஞ்சு பொரிக்க?”

கல்லைத் தூக்கக் கை வைத்தார். அவர் வந்தால் அடுப்படிக் கதவோடு நின்று தலையாட்டுகிறவள் நான். அன்றைக்குப் போய்ப் பஞ்சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னும் மூணு நாளு இருக்கு, மதினி.”

“என்னடி மூணு நாளு? ஜோசியம் பாத்தியா?”

“இப்பத் திறந்தா அந்தக் கருப்பு செத்துப்போகும். இப்பமே வேணும்னா ஒங்க கோழியத் தூக்கிட்டுப் போயிருங்க. எனக்கு வாரமும் வேண்டாம், குஞ்சும் வேண்டாம்.”

“வாயில்லாப் பூச்சின்னுல்லாலே சொன்ன!” என்று பின்னால் வந்து நின்ற தம்பியை, என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முருங்கைமரத்தில் காய் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நாத்தனார் கருப்பைப் பிடித்து, தலையில் இருந்த புண்ணை நோக்கினார். “சனியன், அங்கயும் இதே சோலிதான். பக்கத்து வீட்டுக் கோழிய…” என்று தொடங்கி, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

“அதான் எனக்கு வாரத்துக்கு விட்டியளா?” என்று கேட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்துவிட்டார். நாத்தனாருக்கு முகம் போன போக்கே வேறு. கருப்பைக் கீழே விட்டுவிட்டு, “சரி, நானும் இருந்து பாத்துட்டே போறேன்,” என்றார்.

பத்தாம் நாள் காலையில் கம்பைத் தூவிவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கினேன். செவலை வெளியே வந்து, கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கருப்பைப் பார்த்துப் போனது. நான் விளக்குமாற்றை எடுத்தேன். அதற்குள் என் சாம்பல் கோழி குறுக்கே பாய்ந்து அதன் கொண்டையில் ஒரு கொத்து கொத்தியது. செவலை ஒதுங்கிச் சுவரோரம் போய் நின்றது. கருப்பு நாலு தடவை நின்று நின்று பார்த்து, கடைசியில் கம்பில் வாய் வைத்தது.

“நாளைக்கு மறுபடியும் கொத்துச்சுன்னா?” என்றார் நாத்தனார்.

“மறுபடியும் பத்து நாளு,” என்றேன்.