யாரும் குடிக்காத தண்ணீர்

"சார், தேவபாலன் ஐயா போய்ட்டாரு. கோயில் மணி அடிக்கிறதா வேணாமான்னு ஆபீஸ்ல யோசிக்கிறாங்க" என்று கல்லூரி உதவியாளர் மோசஸ் போனில் சொன்னார். முன்னாள் முதல்வர் இறந்தால் ஆலய மணி அடிப்பது எங்கள் கல்லூரியின் வழக்கம். நீக்கப்பட்ட முதல்வருக்கும் அடிக்கலாமா என்பதற்கு விதி இல்லை. ஒருவழியாக அடித்தார்கள். மதிய இடைவேளை என்று மாணவர்கள் சாப்பிடக் கிளம்பிவிட்டார்களாம்.

பாலாற்றுப் பகுதி ஏரிகளின் மதகுக் கல்வெட்டுகளை ஆராய்ந்தவர் அவர். விரிஞ்சிபுரம் முதல் கலவை வரை வெயிலில் அலைந்து எழுதிய நூலை முழுதாகப் படித்தவர்கள் அச்சுக்கோத்தவரும் நானும்தான். "ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுதாதீங்க. இருந்தா ஒரு வரியும் அடிக்காதீங்க" என்பார். இதன் பின்பாதிதான் அவர் பதவியைப் பறித்தது.

விடுதிக் கிணற்று நீர் பழுப்பாகி, மாணவிகளின் கைகளில் கொப்புளம் வந்த ஆண்டு அது. கிணற்றை மூட ஆட்சிக்குழு சம்மதிக்க வேண்டும். மூடினால் தண்ணீர் கெட்டதை ஒப்புக்கொண்டதாகிவிடும். குழுவில் மூவர் தோல் தொழிற்சாலை முதலாளிகள். ஆசிரியர் பிரதிநிதியாக நானும் இருந்தேன். அதைப் பற்றிய கூட்டத்தில் தேவபாலன் வழக்கமான பாட்டில்களுக்குப் பதிலாகக் கிணற்று நீரைக் கண்ணாடித் தம்ளர்களில் வைக்கச் செய்தார்.

"இன்னா சார் இது, டீயா?" என்றார் ஒரு முதலாளி.

"தண்ணிங்க. நம்ம பொண்ணுங்க குடிக்கிறது. நல்லாத்தான் இருக்குதுன்னு போன கூட்டத்துல நீங்கதான சொன்னீங்க?"

"எனக்கு சுகர் இருக்குது சார்."

"இதுல சக்கரை போடலீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஜெபத்துக்குப் பின், கிணறு நன்றாக இருப்பதாகத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது; முதல்வருக்கு வாக்கு இல்லை. கூட்டக் குறிப்பு எழுதுவது முதல்வரின் வேலை. "உறுப்பினர்களுக்கு விடுதிக் கிணற்று நீர் வழங்கப்பட்டது. கீழ்க்கண்டவர்கள் குடிக்கவில்லை" என்று எழுதிப் பெயர்களையும் சேர்த்தார்.

அடிக்கச் சொன்னார்கள். "நடந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க" என்றார். மறுமாதமே அவருக்கு ஓய்வு தேவை என்று குழு கண்டுபிடித்தது. அடுத்த முதல்வர் அந்தக் குறிப்பைச் சுருக்கமாகத் திருத்தி எழுதினார். மாணவிகள் மேலும் இரண்டு ஆண்டுகள் அந்தத் தண்ணீரையே குடித்தார்கள். பிறகு கிணறு தானாக வற்றிப் பிரச்சினையைத் தீர்த்துவைத்தது.

வளாக வீட்டில் தேவபாலன் குடித்ததும் அதே நீர்தான். சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்க என்னிடம் ஆதாரம் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அவருடைய துணிவைப் பற்றி என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பதவியை விட்டு அனுப்பப்பட்ட நாளில் அந்த மூலக் குறிப்பை அவர் என்னிடம்தான் கொடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. பத்திரமாக வைத்திருக்கிறேன். குடிக்காதவர்கள் பட்டியலில் ஒன்பதாவது பெயர் என்னுடையது.