கடைசி மேடு

கும்மிடிப்பூண்டியில் என் கணவருடைய தொழிற்சாலைக் குடியிருப்புக்கு நாங்கள் வந்தது எழுபதுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதம். எங்களுக்குக் கிடைத்த வீடு இரண்டு வருடம் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்கு முன்னால் யாரோ ஒரு காலத்தில் ஆசையாகப் போட்ட புல்தரை இருந்தது. புல் என்று சொல்ல அதில் பாதிகூட மிஞ்சவில்லை. கோரையும் நெருஞ்சியும் மண்டியிருந்தன. கட்டடம் கட்டியபோது புதைத்த செங்கல் துண்டுகள் அங்கங்கே மேடாகப் புடைத்திருந்தன.

வேறு யாராக இருந்தாலும் அதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தியிருப்பார்கள். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. ஒன்றரை வயதில் வந்த இளம்பிள்ளைவாதக் காய்ச்சல் அவளுடைய இடது காலின் பலத்தை எடுத்துக்கொண்டு போயிருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் தொடைவரை இரும்புக் கம்பி வைத்த ஷூ செய்து கொடுத்தார்கள். டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கண்டிப்பாகச் சொன்னார். "தூக்காதீங்க. விழட்டும். விழுந்து தானா எழுந்தாத்தான் நடப்பா. புல்தரை மாதிரி மெத்துனு இருக்கிற இடத்துல விடுங்க."

காய்ச்சல் வந்த முதல் நாளே நான் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஊசி போடவைத்தேன். தாமதிக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். அந்தக் காய்ச்சலில் ஊசி போட்டால்தான் கால் போகும் என்று ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு பெண் சொன்னாள். டாக்டரிடம் கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அதன் பிறகு எதைச் செய்தாலும் இது சரிதானா என்று இரண்டு முறை யோசிக்கிறவளாகிவிட்டேன்.

வந்த முதல் வாரத்திலேயே ஒரு மேட்டில் ஷூ நுனி தட்டி விழுந்து அவளுக்கு மோவாய் கிழிந்தது. தரையைச் சமன் செய்ய வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். குடியிருப்பு அலுவலகத்தில் இந்த வருடம் தோட்டக்காரர் இல்லை என்றார்கள். என் கணவர், இது நம் சொந்த இடமா என்று கேட்டார். ஆனாலும் மறுநாள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒரு மண்வெட்டியோடு வந்தார்.

எது மேடு, எது பள்ளம் என்று கண்ணால் பார்த்துத் தெரியவில்லை. கயிறு கட்டிப் பார்த்தேன், குழப்பம்தான் மிஞ்சியது. ஐப்பசி மழை வந்தபோதுதான் வழி தெரிந்தது. மழை விட்டதும் பள்ளங்களில் மட்டும் தண்ணீர் நின்றது. காய்ந்துவிட்டால் அடையாளம் போய்விடுமே என்று கோலமாவு டப்பாவை எடுத்துவந்து ஒவ்வொரு தேக்கத்தையும் சுற்றிக் கோடு இழுத்தேன். வாசலில் பச்சரிசி மாவில்தான் கோலம் போட வேண்டும் என்பது மாமியார் சொல்லி அனுப்பிய பழக்கம். என்னிடம் இருந்ததும் அந்த மாவுதான்.

காலையில் தண்ணீர் வற்றி, வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. குழந்தையைப் புல்லில் உட்காரவைத்துவிட்டு மண்வெட்டி எடுக்க உள்ளே போனேன். அவள் அலறியபோதுதான் கோடுகள் சிவப்பாக நகர்வதைப் பார்த்தேன். மாவுக்கு வந்த எறும்புகள் அவள் ஷூவுக்குள் ஏறியிருந்தன. நல்ல காலை உதறிக்கொண்டிருந்தாள். இடது காலை அவளால் இழுக்க முடியவில்லை. வலி மட்டும் அந்தக் காலிலும் குறைவில்லாமல் இருந்தது.

தெருக் கூட்டும் பெண் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவள். முன்பு நாற்று நட்டவள், என் வயதுதான் இருக்கும். வார்களை அவிழ்த்து ஷூவைக் கழற்றிக் காலில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு தரையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னாமா, வாசல்ல போடுற கோலத்த புல்லுல போட்டுக்கினு கீற? எறும்புக்குப் பந்தி வெச்சியா?"

நான் தண்ணீர் நின்ற கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ரோசன நல்லாத்தான் கீது. வயல்லயும் தண்ணி கட்டித்தான் மேடு பள்ளம் பாப்போம். ஆனா ஊட்டுல சாம்பல் இல்லியா? அரிசி மாவுதானா கெடச்சுது?"

அன்று முழுவதும் அந்தக் காலில் தடித்திருந்த புள்ளிகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவியபடியே இருந்தேன். ஊசி போட்ட நாள்போலவே இதுவும் நான் நல்லது என்று நினைத்துச் செய்ததுதான்.

அடுத்த மழைக்குச் சாம்பலால் கோடு போட்டேன். மழைக்காலம் ஓய்ந்ததும் தெருக் கூட்டும் பெண்ணும் நானும் வேலை செய்தோம். அவளுக்குக் கூலி வேண்டாமாம், மதியச் சாப்பாடு போதுமாம். கோரையைக் கிழங்கோடு தோண்டினோம். மேடுகளைக் கடப்பாரையால் உடைத்துச் செங்கல்லைப் பொறுக்கினோம். பள்ளங்களில் செம்மண் கொட்டித் தண்ணீர் தெளித்தோம். தண்ணீர் நிரப்பிய தகர டிரம்மை என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் உருட்டினார். அமுங்கிய இடத்தில் மறுபடி மண் போட்டோம். வாய்க்கால் கரையிலிருந்து அருகம்புல் பிடுங்கிவந்து சாண் இடைவெளியில் ஊன்றினேன். பங்குனிக்குள் தரை பச்சையாக மூடிவிட்டது.

சுவரோரம் ஒரே ஒரு மேடு பாக்கி இருந்தது. கவிழ்த்துப் போட்ட கூடை அளவு. அடியில் பெரிய காங்கிரீட் கட்டி இருந்ததால் கடைசிக்கு விட்டிருந்தோம்.

அதை உடைக்க அந்தப் பெண் கடப்பாரையோடு வந்த காலையில் என் மகள் புல்தரையின் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். ஆறேழு அடி தடுக்காமல் வந்தாள். அப்புறம் விழுந்தாள். காயமில்லை. ஆனால் எழ முடியவில்லை. கம்பி வைத்த கால் மடங்காது. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமில்லை. என்னைப் பார்த்தாள். தூக்காதீங்க என்ற சொல் காதில் இருந்தது. புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றேன். தூக்கப் போன அந்தப் பெண்ணிடமும் கண்ணால் வேண்டாம் என்றேன்.

குழந்தை கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கைகளை ஊன்றி, இடது காலை இழுத்துக்கொண்டு தவழ ஆரம்பித்தாள். என்னை நோக்கி வரவில்லை. சுவரோரம் போனாள். அந்த மேட்டின்மேல் வயிற்றை வைத்துக் கவிழ்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்தி, நல்ல காலை ஊன்றி, கம்பிக் காலைப் பக்கவாட்டில் கொண்டுவந்து, நின்றாள்.



"இத்த ஒடைக்கணுமாமா?" என்று தெருக் கூட்டும் பெண் மெதுவாகக் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு அவள் தெருக் கூட்டப் போனாள்.

அந்த வீட்டில் நான்கு வருடம் இருந்தோம். தரை முழுவதும் புல் அடர்ந்தது. அந்த மேட்டில் மட்டும் பிடிக்கவில்லை. என் மகளின் கைகள் பட்டுப் பட்டு வழவழவென்று ஆகியிருந்தது. எங்கே விழுந்தாலும் அவள் அங்கேதான் தவழ்ந்து வர வேண்டியிருந்தது. நான் கடப்பாரை போட்டு உடைத்த மற்ற மேடுகள் எங்கெங்கே இருந்தன என்று எனக்குத் தெரியும். நடுவில் ஒன்றையாவது விட்டிருந்தால் அவளுக்கு இத்தனை தூரம் இருந்திருக்காது.