முறுக்கும் மெக்னீசியமும்

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் நான் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வேதியியல் ஆய்வகத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தார். நல்ல உயரம், முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருப்பார். தினமும் காலையில் ஜன்னலோரம் ஒரு முறுக்கை வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கடித்துப் பார்ப்பார். அது நமத்துப்போயிருந்தால் அன்று வேலையைத் தொடங்கமாட்டார்.

"காத்துல ஈரமுங்க சார். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் அத்தனையும் கெட்டுப்போயிருமுங்க" என்பார்.

சோதனை பலமுறை வீணாகி, கரைப்பானாகிய ஈதரில் கடைசி பாட்டில்தான் மிச்சம் இருந்தது. மழை விட்ட ஒரு நாள் முறுக்கு மொறுமொறுவென்று உடைந்தது. குடுவையில் உலர்ந்த ஈதரில் கிடந்த மெக்னீசியச் சீவல்கள்மேல் கொஞ்சம் புரோமோபென்சீன் திரவம் விட்டு, ஓர் அயோடின் துணுக்கைப் போட்டார். பழுப்பு நிறம் மெல்ல வெளிறியது. பிறகு அடுப்பில்லாமலே குடுவை தானாகக் கொதிக்கத் தொடங்கியது.

"வினை புடிச்சுக்கிச்சுங்க சார்!" என்றவர், உண்டான சேர்மத்தின் வாய்பாட்டைப் பலகையில் எழுதினார்.

"ஏனுங்க, இதுல ஈதரையே காணோமுங்க?" என்றேன்.

"ரெண்டு ஈதர் மெக்னீசியத்தைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்குதுங்க. அது உட்டுப்போட்டா இது தாங்காதுங்க. ஆனா எழுதறப்ப யாரும் அதைச் சேர்க்கறதில்லீங்க."

"ஏனுங்க அப்படி?"

அவர் சிரித்துக்கொண்டே குடுவைப் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் போனபோது, அதே வாய்பாட்டில் மெக்னீசியத்தை ஒட்டி இரண்டு ஈதரையும் எழுதிச் சேர்த்திருந்தார். எனக்காக எழுதினாரா, ஈதருக்காக எழுதினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.