வத்தல் நெடி என்று நான் சொன்ன இருமல்

அன்பான சபையாரே, நன்றி சொல்லத்தான் எழுந்திருக்கிறேன். ஆனால் முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கோவில்பட்டியில் ஒரு மிளகாய் வத்தல் குடோனில் எடை போடுகிறவன் நான். ஜெபத்தில் என் சத்தம்தான் பெரிய சத்தம். மைக்கே வேண்டாம் என்பேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

போன வருடம் பொங்கல் கழிந்து இருமல் பிடித்தது. சளியில் இரத்தம் வந்தது. காசநோய் என்றார்கள். ஆறு மாதம் மாத்திரை. ஒடிந்துபோனேன். வாயைத் திறந்து ஜெபித்தால் இரண்டாவது வார்த்தையிலேயே இருமல் வந்துவிடும். என் மனைவி ஜெயசீலி ஒரு நோட்டை நீட்டினாள்.

"பேச முடியலன்னா எழுதுங்க. அவருக்கு வாசிக்கத் தெரியாதாக்கும்?"

தினமும் எழுதினேன். சாவுக்குப் பயந்ததை எழுதினேன், கோபத்தை எழுதினேன். எழுதிய அன்று நெஞ்சு லேசாக இருக்கும்.

ஈஸ்டர் வந்தபோது காய்ச்சல் இல்லை. எடையும் கூடியிருந்தது. எனக்குச் சும்மா இருக்க முடியுமா? ஆராதனையில் எழுந்து, "கர்த்தர் சுகம் தந்துட்டாரு, இனி மாத்திரை எனக்கு எதுக்கு?" என்று சாட்சி சொன்னேன். கூரை அதிர அல்லேலூயா சொன்னீர்கள். அன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போட்டேன்.

மே மாதம் காய்ச்சல் திரும்பியது. ‘இன்று மறுபடி இரத்தம். யாருக்கும் தெரியாது’ என்று நோட்டில் மட்டும் எழுதினேன். கேட்டவர்களிடம் வத்தல் நெடி என்றேன். அந்த இருமலோடுதான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாடினேன். உங்கள் பிள்ளைகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பசுவந்தனையிலிருந்து வருகிற பாக்கியத்தக்காவை உங்களுக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவருக்கும் இதே நோய். ஜூனில் ஒருநாள் ஜெயசீலி வந்து சொன்னாள்.

"பாக்கியத்தக்காவும் மாத்திரைய நிறுத்திட்டாவளாம். தம்பிக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரான்னு கேக்காவ."

அப்போதும் என் ஜெபம் எப்படி இருந்தது தெரியுமா? ‘ஆண்டவரே, எங்கள் இரண்டு பேரையும் சத்தமில்லாமல் குணமாக்கிவிடும். சபையில் எழுந்து நின்று சொல்லும்படி வைத்துவிடாதேயும்.’ எட்டு நாள் இதையேதான் எழுதினேன். ஒன்பதாம் நாள் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் என் மானம், என் பேர். அந்த அக்காவின் பேர் ஓரிடத்தில்கூட இல்லை. சீ, என்ன மனுஷன் நான் என்று ஆகிவிட்டது. அழுதுகொண்டே எழுதினேன்: ‘என் மானம் போனால் போகட்டும். பாக்கியத்தக்கா பிழைக்கட்டும்.’

ஞாயிற்றுக்கிழமை எழுந்தேன். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டேன், பேச்சு வரவில்லை. நோட்டை ஜெயசீலியிடம் கொடுத்துவிட்டுத் தள்ளி வாசலில் போய் நின்றேன். அவள் ஒரு வரி விடாமல் வாசித்தாள். நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

பாக்கியத்தக்கா எழுந்து என்னிடம் வந்தார். ஏசப் போகிறார், ஏசட்டும் என்று நின்றேன்.

"எனக்கும் மூணு வாரமா காய்ச்சல் அடிக்கி தம்பி. வெளிய சொன்னா உன் சாட்சி பொய்யாயிருமேன்னுதான் வாய மூடிக்கிட்டு கெடந்தேன்."

நான் என் பேருக்காக அவரைச் சாகவிடப் பார்த்தேன். அவரும் என் பேருக்காகத்தான் சாகத் துணிந்திருந்தார்.

மறுநாளே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் திட்டினார். வாங்க வேண்டிய திட்டுதான். சிகிச்சை முதலிலிருந்து ஆரம்பித்தது. என்னால் நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்று பரிசோதனை செய்துகொண்டீர்கள். ஒருவருக்கும் நோய் இல்லை என்று வந்த அன்று முழங்காலில் விழுந்தேன். ‘பாக்கியத்தக்கா பிழைக்கட்டும்’ என்று எழுதிய ஒரு வரிக்கு ஆண்டவர் இவ்வளவு பதில் வைத்திருந்தார்.

நோயை மறைத்துக்கொண்டு இங்கே யாராவது உட்கார்ந்திருந்தால், ஒரு நோட்டு வாங்குங்கள். உள்ளதை உள்ளபடி அவருக்கு எழுதுங்கள், மாத்திரையை விழுங்குங்கள், அவரை நம்புங்கள். என்னைப் போன்றவனையே அவர் தள்ளவில்லை.

போன மாதமே இதைச் சொல்ல எழுந்தேன். பாக்கியத்தக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"இந்தத் தடவயாவது ரிசல்ட்டு வந்த பொறவு சொல்லு தம்பி."

நேற்று வந்தது. இரண்டு பேருக்கும் நோய் இல்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.