அமிர்தம் அவிழ்க்கச் சொன்ன வயிற்றுக்கட்டு

அமிர்தம் போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் இரண்டு வாளி ரப்பர்ப் பாலோடு கால்வாய்ப் பலகையின் நடுவில் நின்றிருந்தேன். உலு திராமிலிருந்து சாமான் ஏற்றி வந்த லோரிக்காரர் அக்கரையிலிருந்தே கத்தினார். "காமாச்சிக்கா, உங்க அமிர்தம் காய்ச்சல்ல தவறிப் போச்சு. நேத்தே எடுத்துட்டாங்க." தோளில் காண்டாக் கம்பு, அதன் இரு முனையிலும் தளும்பத் தளும்பப் பால். ஒரு சொட்டு சிந்தவில்லை. இவளுக்கு நெஞ்சு என்ன கல்லா என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்களாம். அவர்களுக்கும், தெப்ராவ் பக்கத்துத் தோட்டங்களில் அமிர்தத்தை அறிந்த எல்லோருக்கும் சேர்த்துத்தான் நம் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன். மகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் நான். பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளும் நானும் ஒரே கப்பலில் வந்தவர்கள். எனக்கு இரண்டு வயது கூடுதல். அதற்காகவே கடைசிவரை அக்கா என்றாள். அம்மையும் காலராவும் இல்லை என்று தெரியும்வரை எங்களைச் சிங்கப்பூருக்கு எதிரே ஒரு தீவில் ஏழு நாள் நிறுத்திவைத்தார்கள். எங்களோடு இறங்கிய சாமியார் ஒருவர் விடிந்ததும் மணலில் ஆசனம் போடுவார். நாங்கள் தங்கியிருந்த கொட்டகையே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. அமிர்தம் மட்டும் பக்கத்தில் போய், "சாமி, இது பொம்பளைக்கும் ஆகுமா?" என்று கேட்டாள். வயிறு இருக்கிற எல்லோருக்கும் ஆகும் என்றாராம் அவர். ஏழு நாளும் அவள் போனாள். நான் ஏழு நாளும் தூங்கினேன்.

தோட்டத்துக்கு வந்த பிறகும் அவள் விடவில்லை. லயத்து வரிசை வீட்டில் கையும் முழங்காலும் ஊன்றி நின்று, இடுப்பின்மேல் தண்ணீர்ச் சொம்பை வைத்துக்கொள்வாள். பிறகு வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் மெல்ல நீட்டுவாள். சொம்பு அசையக்கூடாது. முதல் நாள் அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, பேய்தான் பிடித்துவிட்டது என்று வேப்பிலையோடு வந்து நின்றாள். அமிர்தம் அசையவேயில்லை. "வேப்பிலைய அங்கயே வச்சிட்டுப் போங்க, ரசத்துக்கு ஆகாது, கொசுவுக்காச்சும் ஆகும்," என்றாள். அவளுக்கு வாய் கொஞ்சம் அதிகம்தான்.

எனக்கு அவள் தேவைப்பட்டது மகள் பிறந்த பிறகு. பிள்ளை பெற்ற வயிற்றைப் பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டுவது நம் வழக்கம். நாற்பது நாள் போதும் என்பார்கள். நான் எட்டு மாதம் கட்டினேன். கட்டியிருந்தால் இடுப்பு வலி தெரியவில்லை, அவிழ்த்தால் நிற்கவே முடியவில்லை. ஒருநாள் மழையில் துணி நனைந்து நெகிழ்ந்துவிட்டது. பலகையில் கால் வைத்ததும் இடுப்பு வெட்டி இழுத்தது. ஒரு வாளிப் பால் முழுவதும் கால்வாயில் போயிற்று.

ரப்பர் விலை விழுந்த காலம் அது. வேலைக்கு ஆகாதவர்கள் என்று பெயர் எழுதிக் கப்பலில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்களை வேலை வாங்கும் கங்காணி என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி சிந்துன, ஒம்பேரு ஊருக்குப் போற கப்பலுக்குத்தான்," என்றார். புருஷனுக்கு இங்கே வேலை, எனக்கும் பிள்ளைக்கும் அங்கே போக வீடு கிடையாது. அன்று நான் சோறு தின்னவில்லை.

சாயங்காலம் அமிர்தம் வந்தாள். "அந்தத் துணிய அவுத்துப் போடுக்கா," என்றாள்.

"அவுத்தா விழுந்துருவேன் புள்ள."

"விழ மாட்ட. துணி வேலை செய்யுது, வயிறு தூங்குது. அத எழுப்பணும்."

துணியைத் தானே அவிழ்த்துவிட்டு, என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே நான்கு விரலை அழுத்தி வைத்தாள். மூச்சு வெளியே போகும்போது அந்த இடத்தை மெல்ல உள்ளே வாங்கச் சொன்னாள். பிறகு அதை விடாமலே மூச்சு வாங்கச் சொன்னாள். வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் ஏதோ வந்த மாதிரி இருந்தது. அவசரக்காரி நான், மறுநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே கெட்டிக்காரி மாதிரி வயிற்றை முதுகோடு ஒட்டும்படி எக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கெழுதும் கிராணி என் பெயரைக் கூப்பிட்டார். பதில் சொல்ல மூச்சில்லை. அப்படியே மயங்கி விழுந்தேன்.

கண் திறந்தபோது கங்காணி, "இது ஆவாது, பேரை எழுதிருங்க," என்று கிராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அமிர்தம் வரிசையை விட்டு வெளியே வந்தாள். வரிசையை விட்டு வந்தாலே அரைநாள் கூலி போகும். "ஒரு வாரம் குடுங்க கங்காணி. அதுக்குள்ள அவ சிந்துனா, கப்பலுக்கு எம்பேரையும் சேத்து எழுதுங்க." அவளுக்கும் ஊரில் யாருமில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த வாரம் அவள் என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. என் இடுப்பிலும் சொம்பு ஏறியது. மகள் தவழ்ந்து வந்து அதைத் தட்டிவிட்டால், மறுபடி முதலிலிருந்து. "அக்கா, எக்காத. கெட்டியா வச்சுக்க, அவ்வளவுதான். பேச முடியலன்னா மூச்சப் பிடிச்சிருக்கன்னு அர்த்தம்" என்பாள். அதனால் பால் தூக்கும்போது பேசிக்கொண்டே நடக்கவேண்டும் என்று கட்டளை.

"என்ன பேசறது?"

"கங்காணியத் திட்டு. நெறைய இருக்குமே."

ஆறு நாள் அப்படியே சிந்தாமல் போயிற்று. ஏழாம் நாள் பலகையில் ஏறினேன். எதிர்க்கரையில் கங்காணியே நின்றிருந்தார். திட்ட வழியில்லை. வேறு ஒரு சொல்லும் வாயில் வரவில்லை. "அமிர்தம்" என்றேன், ஒரு அடி வைத்தேன். "அமிர்தம்" என்றேன், இன்னொரு அடி. கடைசி அடிவரை அவள் பெயர்தான். பால் சிந்தவில்லை. கங்காணி என்னையும் வாளியையும் பார்த்துவிட்டு, பெயர் எழுதாமலே போனார். பின்னால் வந்த அமிர்தம், "எம்பேரு என்ன தேவாரமா?" என்று சிரித்தாள்.

அதன் பிறகு எங்கள் லயத்தில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் நாற்பது நாள் கழித்து அவளிடம் போனார்கள். அவள் புருஷனுக்கு உலு திராமில் வேலை கிடைத்து அவள் போனபோது, சொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு, வேப்பிலைக்காரியிடமும் விடைபெற்றுக்கொண்டு போனாள். இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இன்னும் நான்கு முறை போயிருக்கலாம்.

அவளுடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. தொப்புளுக்குக் கீழே நான்கு விரல் அளவு இடம் இருக்கிறது. அதை எழுப்பியவள் அவள். இந்த மண்ணில் நான் இருப்பதும், என் மகள் இங்கே பள்ளிக்கூடம் போவதும் அவள் கொடுத்தது. இதை அவளிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். "போக்கா, வேலையப் பாரு," என்றாள்.

லோரிக்காரர் சொன்னதும் என் மூச்சு நின்றது உண்மை. வாளிகள் ஆடத் தொடங்கின. பேசு என்று அவள் சொல்வது காதில் விழுந்தது. "அமிர்தம்" என்றேன், ஒரு அடி வைத்தேன். "அமிர்தம்" என்றேன், இன்னொரு அடி. அப்படியே அக்கரைக்குப் போய், பாலை ஸ்டோரில் அளந்து ஊற்றிவிட்டு, அதன் பிறகுதான் உட்கார்ந்து அழுதேன்.