பத்தொன்பதாம் நம்பர் செடி

பாக்கியம் அக்கா போய்விட்டார். இன்று காலை, தோட்டத்து வரிசை வீடுகளில், அதே லயத்தில்... டீ குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று அவர் மகன் போனில் சொன்னான்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே மலையில் என் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தவர். இலங்கை மலையகத்தில் திம்புள்ளப் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும்.

அவர் இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டிய ஒன்று என்னிடம் இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு மேலாகிறது...

அப்போது மலை முழுக்க விதைத் தேயிலை. விதையில் வந்தால் செடிக்குச் செடி குணம் வேறு. ஒன்று தளதளவென்று துளிர்க்கும், பக்கத்தில் இருப்பது சும்மா நிற்கும். மழைக்காலத்தில் ஒன்றின் இலையெல்லாம் கொப்புள நோய், அடுத்ததில் ஒரு புள்ளி இருக்காது.

தோட்டத்து மேனேஜர் பெரிய துரை முப்பது செடிகளுக்கு நம்பர் தகரம் கட்டினார். ஒவ்வொரு செடியின் கொழுந்தையும் தனிப் பையில் எடுத்து, ஒரு வருஷம் நிறுத்துப் பார்ப்பது. அதிகம் தருவதுதான் தாய்ச்செடி. அதன் கிளைகளைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கு ஒரு இலை விட்டு நட்டு, கன்றாக்கி, மலை முழுக்க அதையே வைப்பார்கள். மற்றதெல்லாம் வேரோடு வெளியே.

அந்த வேலைக்கு இரண்டே பேர். ஐந்தாம் வகுப்பு வரை போனவள், நம்பர் வாசிப்பேன் என்று என்னை எடுத்தார்கள். அக்காவுக்கு நம்பர் தெரியாது. செடி தெரியும்.

முதல் பதினைந்து எனக்கு, மீதி அக்காவுக்கு. அவர் பங்கில் பத்தொன்பதாம் நம்பர். என் பங்கில் ஏழு.

பத்தொன்பதுதான் நல்ல செடி. முதல் மாசமே தெரிந்துவிட்டது. ஏழு இரண்டாவதுதான்.

ஆனால் தோட்டத்திலேயே வேகமான கை என்று பெயர் எடுத்தவள் நான். என் செடி இரண்டாவதா? பக்கத்துச் செடியிலிருந்து இரண்டு பிடி கிள்ளி ஏழாம் நம்பர் பையில் போட்டேன். அடுத்த வாரமும் போட்டேன்... அப்புறம் எல்லா வாரமும்.

“ஏன்டி சரசு, ஒன் ஏழாம் நம்பரு புள்ளத்தாச்சியா? வாரத்துக்கு வாரம் இப்புடி ஊதுது?”

“பொறாமையாக்கா?”

“எனக்கென்னடி பொறாம. செடிதான் பாவம். அது குடுக்காத கொழுந்தையெல்லாம் அது தலையில கட்டுறியே.”

அக்காவுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பெயரை வெட்டி, லயத்தை விட்டே அனுப்பியிருப்பார்கள். சொல்லவில்லை.

ஏழு ஜெயித்தது. எல்லோர் முன்னாலும் துரை எனக்கு ஒரு புதுக் கம்பளி கொடுத்தார். வெயில் நாளிலும் அதைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போனேன்.

பழைய செடிகளைப் பிடுங்குவதற்கு முதல் நாள் அக்கா பத்தொன்பதில் ஒரு கிளை உடைத்து, ஈரத்துணியில் சுற்றி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். அதையும் துண்டு துண்டாக்கி லயத்துக்குப் பின்னால் நட்டார். ஒன்றே ஒன்று பிழைத்தது.

ஏழின் பிள்ளைகள் மலை நிறைய வளர்ந்தன. பார்க்க அவ்வளவு அழகு... ஒரு வருஷம் மழை விடாமல் பிடித்தது. பனிமூட்டம் விலகவே இல்லை.

கொப்புளம் வந்தது. இந்தச் செடி அந்தச் செடி என்றில்லை. எல்லாம் ஒரே செடியின் உடம்பு அல்லவா, ஒன்றுக்கு வந்தது அத்தனைக்கும் வந்தது. மருந்தடித்தும் நிற்கவில்லை. கொழுந்தே இல்லாமல் எல்லோருக்கும் வேலை நாள் குறைந்துபோனது. பிள்ளைக்காரிகள் எத்தனை பேர் வாடிய முகத்தோடு திரும்பிப் போனார்கள்.

துரை மழையைத் திட்டினார். காரணம் தெரிந்த நாங்கள் இரண்டு பேரும் குனிந்து, இருந்த கொழுந்தைக் கிள்ளிக்கொண்டிருந்தோம்.

“கிள்ளு, கிள்ளு... எல்லாம் ஒன் புள்ளைங்கதானே” என்றார் அக்கா. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. என் கல்யாணத்துக்கு வந்தார். என் பிரசவத்துக்கெல்லாம் காய மருந்து அரைத்துக் கொடுத்தார்.

இரண்டு மாசத்துக்கு முன் பேத்தியோடு அவரைப் பார்க்கப் போனேன். பேத்தி கேம்பஸில் விவசாயம் படிக்கிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைதான்.

லயத்துக்குப் பின்னால் போனவள் கத்திக்கொண்டே வந்தாள். “அம்மாச்சி, அங்க சுத்திவர எல்லாத்துலயும் கொப்புளம், அந்த ஒரு செடியில ஒன்னுமே இல்ல! இந்த மாதிரி ஜீன் இருக்கிற செடியத் தேடித்தான் எங்களுக்குப் படிப்பிக்கிற சேர் எல்லாம் மலை மலையா அலையுறாங்க. இத ஏன் அந்தக் காலத்துல யாரும் எடுக்கல?”

“ஒங்க அம்மாச்சியக் கேளு கண்ணு” என்றார் அக்கா.

சொல்லிவிட்டு டீக் கோப்பையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. சும்மா... காத்திருந்தார்.

“யாருக்குத் தெரியும், பழைய காலத்துச் செடி” என்றேன் நான்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். “டீ ஆறுது, குடி சரசு.”

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பேத்தி இதைப் படிப்பாள். படிக்கட்டும். அந்தத் தோட்டத்து ஆட்களும் படிக்கட்டும்.

இப்போது அவர் லயத்துக்குப் பின்னால் நின்றுதான் இதைப் போனில் எழுதிப் போடுகிறேன். தூறுகிறது. முன்னால் பறை அடிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அக்கா... உங்க கையில வச்சு அனுப்ப ஒரு பிடி கொழுந்து எடுத்திருக்கேன். பத்தொன்பதுல மட்டுந்தான் எடுத்தேன்.

வேற செடி ஒன்னும் கலக்கல அக்கா. போயிட்டு வாங்க.