புளி போட்டுத் துலக்கிய தகடு

அப்பா துறைமுகத்தில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். ஆசைப்பட்டுச் சேர்த்ததெல்லாம் விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலேயப் படைத் தொப்பிகள்தான். ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டில் அவற்றுக்கென்று ஒரு கண்ணாடி அலமாரி. ஈரம் ஏறாமலிருக்க அந்த அறைக்கு மட்டும் ஏர்கான். "செத்துப்போன வெள்ளைக்காரன் தொப்பிக்கு ஏர்கான், எனக்கு ஃபேன்லா" என்பார் அம்மா.

அவற்றில் அப்பாவுக்கு உயிரானது, நீலத்துணி போர்த்திய, தலைக்கவசம் போல் கெட்டியான ஓர் அதிகாரியின் தொப்பி. உச்சியில் கூர்முனை, நெற்றியில் கிரீடம் பொறித்த நட்சத்திரத் தகடு. தகடு பழுப்பேறி, ஓரங்களில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும்.

போன தீபாவளிக்கு முந்தைய வாரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சு வலித்தது. மருத்துவமனைக்கு ஓடிய அவசரத்தில் தொப்பி நாற்காலியிலேயே கிடந்துவிட்டது. மறுநாள் என் ஒன்றரை வயது மகள் அந்தப் பச்சையைச் சுரண்டி விரலை வாயில் வைத்துவிட்டாள். பதறிப்போய்க் கிளினிக்குக்குப் போன் செய்தேன். "ஒன்னும் ஆகாதுலா, தண்ணி குடுங்க" என்றார் தாதி. எனக்கு மனம் ஆறவில்லை. பண்டிகைக்காகக் குத்துவிளக்குகளைப் புளியில் ஊறவைத்திருந்தேன். தகட்டையும் கழற்றி அதோடு போட்டு, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்தேன். விளக்கைப் போலவே பளிச்சென்று வந்தது. அப்பா சந்தோஷப்படுவார் என்றுகூட நினைத்தேன்.

வீடு திரும்பியதும் அவர் முதலில் கேட்டது அந்தத் தொப்பியைத்தான். மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"புளி போட்டியாம்மா?"

"ஆமாப்பா. பாப்பா கைய வாயில வச்சிட்டா, பயந்துட்டேன்."

"அவளுக்கு ஒன்னும் ஆகலியே?"

"இல்லப்பா."

"அப்ப சரிலா."

அந்தக் குரல் என்னவோ போலிருந்தது. அதன் பிறகுதான் இணையத்தில் தேடிப் படித்தேன். அதிகாரிகளின் தகடுகளுக்குத் தங்கமுலாம் பூசியிருப்பார்களாம். பழுப்புக்கு அடியில் அது இருக்குமாம். சேகரிப்பவர்கள் அதைத் தேய்ப்பதே இல்லையாம். எடுத்துப் பார்த்தேன். நார் எட்டாத கிரீடத்தின் இடுக்குகளில் மட்டும் தங்கம் மிச்சமிருந்தது. மற்றதெல்லாம் வெறும் பித்தளை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தினமும் மருத்துவமனையில் அவர் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? கேட்டிருந்தால் அந்த நிலையில் அவர் பதறியிருப்பாரோ? இதையே மாற்றி மாற்றி நினைக்கிறேன். மன்னிப்புக் கேட்டதற்கு, "பழைய சாமான்மா, விடு" என்றார்.

அடுத்த வாரம் அப்பாவே அந்தத் தொப்பியை எடுத்து என் மகள் தலையில் வைத்தார். அது அவள் மூக்குவரை இறங்கியது. உள்ளிருந்து சிரித்தாள். "இத்தனை வருசத்துல என்னை ஒரு தடவ தொட விட்டிருப்பாரா இந்த மனுசன்!" என்று அம்மாவும் சிரித்தார். தொப்பி நழுவித் தரையில் விழுந்து உருண்டது. கூர்முனை லேசாக வளைந்துவிட்டது. அப்பா "மெதுவா" என்றுகூடச் சொல்லவில்லை. நான்தான் ஓடிப்போய் எடுத்து, துணியை நீவிவிட்டு அவரிடம் நீட்டினேன்.

"அவகிட்டயே குடும்மா" என்றார்.